நாலரை அடி உயரத்தில் ஓர் ஆணி

அத்தை வந்து ஆறாவது நாள்தான் எனக்கு அது தெரிந்தது. விடியற்காலை நாலே முக்கால் இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தேன். ஹாலில் நானும் என் கணவரும் பையனும் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்திருந்தோம். உள்ளறையை அத்தைக்குக் கொடுத்திருந்தோம். அதன் கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தால், கட்டில் விளிம்பில் அத்தை உட்கார்ந்திருக்கிறார். விளக்கு போடவில்லை. மடியில் துண்டும் சோப்பு டப்பாவும்.

"என்ன அத்தே, உடம்புக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்லட்டி. பாத்ரூம் போணும். நீங்க எல்லாரும் அசந்து தூங்குதிய. மாப்பிள்ளை வேற குறுக்க படுத்திருக்காவ. எப்பிடித் தாண்டிப் போவ? விடியட்டும்னு இருக்கேன்."

படுத்திருப்பவரைத் தாண்டக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர் அத்தை. அதிலும் வீட்டு மாப்பிள்ளையின் காலை! ஊரில் நாலரைக்கு எழுந்து பழகிய உடம்பு. ஆறு நாளும் அந்த இருட்டில் ஒன்றரை மணி நேரம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். இருப்பதிலேயே நல்ல அறையை, கட்டிலோடு, மெத்தையோடு கொடுத்துவிட்டோம் என்று நான் நிறைவாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அன்று காலை அடுப்பு முன்னால் நின்று அழுதேன். சின்ன வீட்டில் விருந்தாளியை வைத்துக்கொள்வதைப் பற்றி நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்தக் காலையிலிருந்துதான் தொடங்கியது.

எங்கள் வீடு சூளைமேட்டில், இரண்டாவது மாடியில், 340 சதுர அடி. ஹால் பன்னிரண்டுக்குப் பத்து. உள்ளறை பத்துக்கு ஒன்பது. இரண்டு பேர் சேர்ந்து நின்றால் முழங்கை இடிக்கும் சமையலறை. ஒரே குளியலறை, அதற்குள்ளேயே கழிப்பறை. துணி காயப்போட ஒரு சின்ன பால்கனி. பிரதமர் ஆவாஸ் யோஜனாவில் நலிந்த பிரிவினருக்கு 30 சதுர மீட்டர் என்று வரையறுத்திருந்தார்களே, அதைச் சதுர அடியில் சொன்னால் ஏறத்தாழ 323. அதைவிடக் கொஞ்சம் பெரியது எங்களுடையது. 2014இல் வாடகைக்கு வந்தோம், இன்னும் இருக்கிறோம்.

சென்னையில் ஒரு வீடு இருந்தால், அது எத்தனை சதுர அடியாக இருந்தாலும், ஊரில் இருப்பவர்களுக்கு அது ஒரு நம்பிக்கை. தேர்வு எழுத வருவார்கள், நேர்முகத்துக்கு வருவார்கள், முகூர்த்தப் புடவை எடுக்கத் தியாகராய நகர் வருவார்கள், அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசாவுக்கு வருவார்கள். எல்லாரையும் விட அதிகமாக, ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். நெல்லை எக்ஸ்பிரஸிலோ பொதிகையிலோ காலையில் வந்து இறங்கி, கையில் ஸ்கேன் உறையும் முகத்தில் தூக்கமில்லாத களைப்புமாக வாசலில் நிற்பவர்களை எத்தனையோ தடவை உள்ளே அழைத்திருக்கிறேன். இரண்டு நாள், மூன்று நாள். அதுவரை எனக்கு அது பெரிய விஷயமாக இருந்ததில்லை.

அத்தை வந்தது ஐந்து வாரத்துக்கு. கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறார், அப்பாவின் அக்கா. மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை ஊர்ப்பக்கமே முடிந்துவிட்டது. கதிர்வீச்சைச் சென்னையில் வைத்துக்கொள்ளலாம் என்று துபாயில் இருக்கும் மகன் முடிவு செய்தான். திங்கள் முதல் வெள்ளி வரை, மொத்தம் 25 தடவை. ஆஸ்பத்திரி பக்கத்திலேயே லாட்ஜில் அறை எடுத்துத் தருகிறேன் என்றான். இந்த வியாதியோடு ஒரு மனுஷி லாட்ஜ் அறையில் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதா? இங்கே வரட்டும் என்று சொல்லிவிட்டேன். இது 2022 ஜனவரியில்.

சொல்லிவிட்ட பிறகுதான் வீட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

அந்த நாலே முக்கால் மணிக்குப் பிறகு முதலில் செய்தது, இடத்தை மாற்றியதுதான். நாங்கள் மூவரும் உள்ளறைக்குப் போனோம். கட்டிலில் இரண்டு பேர், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் பாயில் பையன். அத்தைக்கு ஹால். அறுவை சிகிச்சை செய்த பக்கம் கையை ஊன்றித் தரையிலிருந்து எழுவது அவருக்குக் கஷ்டம், அதனால் ஆறடிக்கு இரண்டரை அடி மடக்குக் கட்டில் ஒன்று வாங்கினோம். பகலில் மடித்துக் கதவுக்குப் பின்னால் சாத்திவிடலாம். குளியலறைக் கதவு அந்தக் கட்டிலிலிருந்து ஆறு தப்படி. நடுவில் ஒரு ஸ்டூல்கூட இல்லாமல் எடுத்துவிட்டேன். வழியில் ஒரு ஜீரோ வாட் பல்பு.

விருந்தாளிக்கு நல்ல அறையைக் கொடுப்பதுதான் மரியாதை என்று நாம் நினைக்கிறோம். பெரிய வீட்டில் அது சரி. சின்ன வீட்டில் அறையைக் கொடுத்துவிட்டு வழியை அடைத்துக்கொண்டு படுப்போம். நம்மை எழுப்பாமல் அவரால் எங்கெல்லாம் போய்வர முடியும்? குளியலறைக்கு, தண்ணீர்க் குடத்துக்கு, பால்கனிக்கு. யாராவது தங்க வருகிறார்கள் என்றால் இப்போது நான் முதலில் பார்ப்பது இந்த மூன்று வழிகளை. கட்டிலா பாயா என்பதெல்லாம் அப்புறம்தான்.

பாய் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உடம்பு நன்றாக இருப்பவர்களுக்குப் பாய்க்கு இணை கிடையாது. ஓர் ஆள் படுக்க ஆறுக்கு மூன்று, பதினெட்டு சதுர அடி. காலையில் சுருட்டி மூலையில் நிறுத்தினால் அரை சதுர அடிகூட இல்லை. எங்கள் ஊருக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில்தான் பத்தமடை. தாமிரபரணிக் கரைக் கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறவைத்து, கீறி, நெய்வார்கள். மணமக்கள் பெயரை நெய்துகொடுக்கும் கல்யாணப் பாய் அங்கேதான். 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. என் கல்யாணத்துக்கு வந்த பத்தமடைப் பாய் இன்றும் இருக்கிறது. அதில் எத்தனை பேர் படுத்து எழுந்திருப்பார்கள் என்று எண்ணிச் சொல்ல முடியாது. பஞ்சு மெத்தை வாங்கி வைக்க வீட்டில் இடமில்லையே என்று வருந்துகிறவர்கள் இரண்டு நல்ல கோரைப்பாயும், தடிமனான இரண்டு ஜமுக்காளமும், இலவம்பஞ்சுத் தலையணையும் வாங்குங்கள். தலையணை உறையை மட்டும் ஆள் மாறும்போதெல்லாம் மாற்றுங்கள். பிறர் தலை எண்ணெய் வாசனையில் யாருக்கும் தூக்கம் வராது, யாரும் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

ஹாலுக்கு மாறியதும் அடுத்த பிரச்சினை வந்தது. கதிர்வீச்சு கொடுக்கும் இடத்தைக் குறிக்கத் தோலில் மையால் கோடு போட்டிருப்பார்கள், அது அழியக் கூடாது. அந்த இடத்தில் சோப்பு போட்டுத் தேய்க்கக் கூடாது, இறுக்கமான உடுப்பு கூடாது. தளர்வான பருத்தி ரவிக்கை, அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும். ஹாலில் எங்கே மாற்றுவார்? ஒவ்வொரு தடவையும் குளியலறைக்குப் போய், ஈரத் தரையில் நின்றுகொண்டு மாற்றினார். அறுவை நடந்த உடம்பைக் கண்ணாடியில் தானே பார்க்க விரும்பாத மனுஷி, பன்னிரண்டு வயதுப் பையன் ஓடித் திரிகிற ஹாலில் என்ன செய்வார்?

நைலான் கயிறு ஒன்றைக் குறுக்கே கட்டினேன். அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையை நடுவில் வெட்டி, மேல் விளிம்பை மடித்துத் தைத்துக் கயிற்றில் கோத்தேன். கட்டிலைச் சுற்றி ஒரு மூலை அத்தைக்கென்று ஆயிற்று. ஆறரை அடி உயரத்தில் வெறும் துணிதான். ஆனால் அன்று மத்தியானம் திரைக்குப் பின்னால் அத்தை காலை நீட்டிப் படுத்துக் குறட்டை விட்டார். வந்த நாளிலிருந்து பகலில் அவர் படுத்து நான் பார்த்ததே இல்லை. பையனிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: "திரை மூடியிருந்தா அது கதவு மாதிரி. வெளிய நின்னு ஆச்சீன்னு கூப்பிடணும்." அவன் அதை ஒரு நாளும் மீறவில்லை.

அதே ஹால் ஒரு தடவை பதினொரு பேரைத் தாங்கியிருக்கிறது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி. கூவம் ஏறித் தெருவுக்குள் வந்தது. தரைத்தளத்தில் இருந்த இரண்டு குடும்பமும், எட்டுப் பேர், அரிசி மூட்டையையும் ரேஷன் அட்டையையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கரண்ட் இல்லை, போன் இல்லை. இரண்டு ராத்திரி. குழந்தைகளைக் கட்டிலுக்கு மேலும் கீழுமாகப் படுக்கவைத்தோம். பெரியவர்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடிய வைத்தோம்.

திருக்கோவலூர் இடைகழிக் கதையைக் கேட்டிருப்பீர்கள். மழை ராத்திரியில் பொய்கையாழ்வார் ஒதுங்கினார். ஒருவர் படுக்கலாம் என்ற அளவுதான் இடம். பூதத்தாழ்வார் வந்தார், இருவரும் உட்கார்ந்தார்கள். பேயாழ்வார் வந்தார், மூவரும் நின்றார்கள். நாலாவதாக யாரோ வந்து நெருக்குவது போலத் தோன்ற, அது பெருமாள் என்று கண்டுகொண்டார்கள். அந்தக் கதையைச் சிறு வயதில் பக்திக் கதையாகத்தான் கேட்டேன். வெள்ள ராத்திரிக்குப் பிறகு அதில் வேறொன்று தெரிகிறது. முதலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தாரே, அப்புறம் எழுந்து நின்றாரே, அந்த அசைவு. வந்தவருக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. தன் உடம்பை மாற்றி வைத்துக்கொண்டார்.

இடைகழி என்பதுதான் பேச்சில் ரேழி ஆகிவிட்டது. அம்பாசமுத்திரம் பக்கத்துப் பழைய வீடுகளில் திண்ணை, ரேழி, முற்றம், அப்புறம் பட்டாசாலை என்று போகும். வழிப்போக்கர் வந்தால் திண்ணையில் உட்காருவார். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். தெரிந்தவர் என்றால் ரேழி. சொந்தம் என்றால் பட்டாசாலை. வந்தவர் எங்கே உட்கார வேண்டும் என்று வீடே சொல்லிவிடும். விருந்து என்ற சொல்லுக்கே புதுமை என்றுதான் பழைய பொருள், தொல்காப்பியத்தில் அப்படித்தான் வருகிறது. புதிதாக வருகிறவர் கூச்சத்தோடுதான் வருவார். அந்தக் கூச்சத்துக்கு ஓர் இடம் கட்டி வைத்திருந்தார்கள். அடுக்குமாடி வீட்டில் கதவைத் திறந்தால் நேரே நம் வாழ்க்கைக்குள் வந்து விழுகிறார்கள். திண்ணை கிடையாது. அந்தத் திண்ணையை எதைக் கொண்டாவது நாம்தான் செய்து கொடுக்க வேண்டும். அத்தைக்கு அது ஒரு சேலைத் திரை. அப்புறம் ஓர் ஆணி.

ஆணிக் கதை இதுதான். வந்த நாளிலிருந்து அத்தை ஒரு மஞ்சப்பையைக் கையை விட்டு இறக்கவில்லை. உள்ளே கண்ணாடி, மாத்திரை, ஆஸ்பத்திரி அட்டை, விபூதிப் பொட்டலம், ஒரு கர்ச்சீப்பில் முடிந்த பணம். சாப்பிடும்போது மடியில். படுக்கும்போது தலைமாட்டில். துணிகள் இருந்த பெரிய பையையும் தினமும் காலையில் மடித்து, ஜிப்பை மூடி, இன்றைக்கே கிளம்புகிறவர் மாதிரி சுவரோரம் நிறுத்தி வைப்பார். பீரோவில் ஒரு தட்டு காலி செய்து தருகிறேன் என்றேன். "என்னத்துக்குட்டி, ஒன் துணியெல்லாம் கசங்கிப் போவும்" என்று ஒரே பிடியாக மறுத்துவிட்டார்.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று நாங்கள் குடிவந்த அன்றே வீட்டு உரிமையாளர் சொல்லியிருந்தார். எட்டு வருஷமாகக் காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில்தான் மாட்டியிருந்தோம். என் கணவர்தான் உரிமையாளருக்குப் போன் போட்டார். "எங்க பெரியம்மா வந்திருக்காங்க, ட்ரீட்மெண்ட். ஒரே ஒரு ஆணி சார்." தாராளமாக என்றார் அந்த மனுஷர். கணவர் மேல்வீட்டில் ட்ரில் வாங்கி வந்து, வாசல் கதவுக்குப் பின்னால், அத்தையை நிற்க வைத்து, வலிக்காமல் கை எவ்வளவு உயரும் என்று பார்த்தார். நாலரை அடி. அங்கே அடித்தார்.

"அத்தே, இது ஒங்க ஆணி. வேற யாரும் எதுவும் மாட்ட மாட்டோம்."

அத்தை கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். மஞ்சப்பையை மாட்டினார். மறுநாள் பெரிய பை திறந்திருந்தது. அதற்கு மறுநாள் பீரோத் தட்டு இன்னும் காலியாகத்தான் இருக்கிறதா என்று அவராகவே கேட்டார்.

பீரோவில் தட்டு கொடுத்தபோது மறுத்தவர் ஆணியை எப்படி ஏற்றுக்கொண்டார் என்று ரொம்ப நாள் யோசித்தேன். தட்டு என்னுடையது, அதைக் காலி செய்து நான் அவருக்குத் தருகிறேன். ஆணி அவருக்காகவே புதிதாக வந்தது. அதை யாரிடமிருந்தும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது இரண்டு நாள் தங்க வருகிறவர்களுக்குக்கூட இப்படி ஏதாவது ஒன்று தனியாக வைத்துவிடுகிறேன். ஒரு டம்ளர், ஒரு கொக்கி, செல்போன் சார்ஜ் போட ஒரு பிளக் பாயிண்ட். இந்தப் பிளக் பாயிண்டைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். புது வீட்டில் எதைப் பிடுங்கிவிட்டு எதைச் செருகுவது என்று தெரியாமல் போன் அணைந்துபோய் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குளியலறை. இதைப் பேச எல்லாருக்கும் கூச்சம், அதனாலேயே முதலில் பேசிவிட வேண்டும். செருப்பைக் கழற்றி, தண்ணீர் குடித்து, உட்கார்ந்த பத்து நிமிஷத்துக்குள் நான் கூட்டிப்போய்க் காட்டிவிடுவேன். தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கிப் போட வேண்டும். ஃபிளஷ் இரண்டாவது அழுத்தலில்தான் வரும். ஹீட்டர் ஸ்விட்ச் வெளியே இருக்கிறது. இது உங்கள் வாளி, இது உங்கள் கொக்கி. மூன்று நிமிஷம் ஆகும். காட்டாமல் விட்டால் வந்தவர் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, போதும் போதும், சுகமாக இருந்தது என்பார்.

தரை காய்ந்திருக்க வேண்டும். வயதானவர்கள் இருக்கும்போது குளித்து வருகிற ஒவ்வொருவரும் வைப்பரால் தண்ணீரைத் தள்ளிவிட்டுத்தான் வர வேண்டும் என்று வீட்டில் சட்டம். உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. காலை நேரத்தை நாலரை முதல் ஐந்தரை அத்தை, ஐந்தரை நான், ஆறு அவர், ஆறரை பையன் என்று காகிதத்தில் எழுதி ஒட்டினேன். நேரம் எழுதி வைத்தால் விருந்தாளியை விரட்டுவது மாதிரி இருக்குமோ என்று தயங்கியிருந்தேன். நடந்தது வேறு. தன் பெயர் அதில் இருக்கிறது என்றதும் அத்தைக்கு நிம்மதி. அந்த ஒரு மணி நேரம் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு ஒரு கோடை ஞாபகம் வந்துவிடும். 2019. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வற்றிப்போன வருஷம். ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்ததே, அந்த வருஷம். மே மாத லீவுக்குத் தம்பி தன் பிள்ளைகளோடு வரவா என்று கேட்டான். பிள்ளைகள் கடற்கரை பார்த்ததில்லை. எங்கள் தெருவுக்கு லாரி நாலு நாளைக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்தது. வராதே என்று சொன்னேன். இடம் இல்லை என்று நான் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. தண்ணீர் இல்லை என்று சொந்தத் தம்பியை வர வேண்டாம் என்றேன். அது இன்னும் உறுத்துகிறது.

நகரத்துக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைக்கிறார்கள். அதற்கெல்லாம் இங்கே வழியில்லை. ஆனால் ஓர் ஆள் கூடினால் எவ்வளவு கூடும் என்பது எனக்கு மனப்பாடம். குளிக்க ஒரு வாளி, பதினெட்டு லிட்டர். கழிப்பறைக்கு இரண்டு. துணிக்கும் பாத்திரத்துக்கும் சேர்த்து இன்னும் இரண்டு. ஆள் வருகிறார் என்றால் முதல் நாள் ராத்திரியே மூடி போட்ட டிரம்மை நிரப்பி வைத்துவிடுவேன். விருந்தாளி கண்ணில் எப்போதும் நிரம்பிய வாளிதான் பட வேண்டும். பாதி வாளியைப் பார்த்தால் அவர் பாதியில் குளித்துவிட்டு வந்துவிடுவார்.

சாப்பாட்டை நான் ரொம்ப யோசிப்பதில்லை. நாம் சாப்பிடுவதையே, கொஞ்சம் கூடுதலாக. ஹாலில் ஒரே நேரத்தில் எல்லாரும் உட்கார முடியாது. கல்யாண வீட்டில் பந்தி பந்தியாகத்தானே சாப்பிடுகிறோம்? முதல் பந்தி பையனும் அத்தையும், இரண்டாவது நாங்கள். முக்கியமானது இதுதான்: வந்தவர் வேலை செய்யக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். "நீங்க சும்மா இருங்க" என்று சொல்வது பாசம் மாதிரிதான் இருக்கும். சின்ன வீட்டில் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பவர், நாம் குறுக்கும் நெடுக்கும் நடக்கும்போதெல்லாம் காலை மடக்கிக்கொண்டே இருப்பார். அத்தைக்கு நான் கீரையைக் கொடுத்தேன். ஒரு கட்டு அரைக்கீரையை மடியில் வைத்து ஒவ்வொரு இலையாக ஆய்வார். அந்த நேரத்தில்தான் பேசுவார். என் அப்பா சின்ன வயதில் கன்னடியன் கால்வாயில் விழுந்தது, தாத்தாவுக்குப் பயந்து ஈர டிராயரோடு மாட்டுத் தொழுவத்தில் ஒளிந்தது. அப்பா இறந்து ஒன்பது வருஷம். அந்தக் கதைகளை எனக்குச் சொல்ல வேறு யாரும் மிச்சமில்லை.

கொண்டுவந்த கல்லிடைக்குறிச்சி அப்பளக் கட்டுகளை அவரே எண்ணி, மேல்வீட்டுக்கு ஒன்று, எதிர்வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்தனுப்பினார். அதன் பலன் மூன்றாவது வாரம் தெரிந்தது. கதிர்வீச்சின் அசதி அப்போதுதான் ஏறும். ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குப் படுப்பது ஐந்து பத்து நிமிஷம்தான், காத்திருப்பதுதான் மணிக்கணக்கு. திரும்பி வரும்போது மாடிப்படி ஏற முடியாமல் முதல் தளத்திலேயே உட்கார்ந்துவிடுவார். முதல் தளத்து வீட்டம்மா தாமாகவே வாசலில் ஒரு நாற்காலி போட்டு வைத்தார்கள், பக்கத்தில் ஒரு சொம்பு மோரும். சின்ன வீட்டுக்காரர்களுக்கு அக்கம்பக்கம்தான் இன்னோர் அறை.

நாள் கணக்கு பேசுவதிலும் நமக்குத் தயக்கம். எப்போது போகிறீர்கள் என்று கேட்க வாய் வராது. கேட்காமலிருந்தால் இரண்டு பேருக்கும் அவஸ்தை. நான் அழைக்கும்போதே போனில், "திரும்பிப் போக டிக்கெட் நான் போட்டுடட்டுமா? எந்தத் தேதிக்கு?" என்று கேட்டுவிடுவேன். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டதால் இந்தக் கேள்வி இன்னும் இயல்பாகவே வந்துவிடுகிறது.

இவ்வளவு சொன்னேன். இவற்றையெல்லாம் விடப் பெரியது ஒன்று உண்டு. அதை நான் தற்செயலாகத்தான் கண்டேன். ஒரு சாயங்காலம் பையனுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்க மூவரும் கடைக்குப் போனோம். திரும்பிப் படியேறும்போது எங்கள் வீட்டுக்குள்ளிருந்து சத்தம். அத்தை மகனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசவில்லை, வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். இரண்டு வாரமாக எங்கள் முன்னால் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. எங்கே விடுவார்? 340 சதுர அடியில் அழ இடம் ஏது? ஒரு தும்மல் போட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்போம்.

கணவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். மூவரும் சத்தமில்லாமல் கீழே இறங்கி, தெருமுனை வரை நடந்து, அரை மணி கழித்து வந்தோம். அத்தை முகம் கழுவி, விபூதி பூசி, விளக்கேற்றி வைத்திருந்தார். அதற்குப் பிறகு தினமும் ஐந்தரைக்கு நாங்கள் வெளியே கிளம்பிவிடுவோம். ஒரு நாள் நூலகம், ஒரு நாள் கோயில், ஒரு நாள் காய்கறி. ஆறே காலுக்கு முன்னால் திரும்ப மாட்டோம். காரணத்தை அத்தையிடம் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. சாவியை மட்டும் ஆணியில், அவர் பைக்கு மேல் மாட்டிவிட்டுப் போவோம்.

இருபத்தைந்தாவது தடவை முடிந்து, மூன்று நாள் ஓய்வெடுத்து, நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டோம். எழும்பூரில் வண்டி கிளம்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் ஆணியில் மஞ்சப்பை தொங்குகிறது. பதறிப்போய்ப் போன் போட்டேன். மாத்திரை உள்ளே இருந்தால் என்ன செய்வது?

"மறக்கலட்டி," என்றார் அத்தை, ரயில் சத்தத்துக்கு மேலே. "துண்டும் சோப்பு டப்பாவுந்தான் கெடக்கு. மூணு மாசங்கழிச்சு செக்கப்புக்கு வரணும்லா? அங்கயே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு செக்கப்புக்கு எத்தனையோ தடவை வந்து போய்விட்டார். பை ஆணியை விட்டு இறங்கவில்லை. நடுவில் இரண்டு தடவை துவைத்துத் திரும்ப மாட்டியிருக்கிறேன்.

வியாழக்கிழமை தம்பி மகள் வருகிறாள், கல்லூரிச் சேர்க்கைக்கு. அன்று கடல் பார்க்க வர முடியாமல் போன பிள்ளை. நாலு நாள் இருப்பாள். டிரம் நிரப்ப வேண்டும், தலையணை உறை துவைக்க வேண்டும், சேலைத் திரைக்குக் கயிறு மாற்ற வேண்டும். அவளுக்கு ஓர் ஆணியும் வேண்டும். வீட்டு உரிமையாளரிடம் இன்று சாயங்காலம் கேட்டுவிட்டு, மேல்வீட்டில் ட்ரில் வாங்கி வரும்படி கணவரிடம் சொல்லியிருக்கிறேன்.